மகனை மருந்து ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு என்று சின்ன வயதிலேயே சோதனையில் தெரிந்துவிட்டது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவான். கேட்ட கேள்வியையே நாள் முழுக்கக் கேட்பான். பாட்டு என்றால் உயிர். கையில் பணம் கொடுத்தால் எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. யோசிக்கும் திறனைக் கூட்டக்கூடிய ஒரு மாத்திரையை இவனைப் போன்றவர்களிடம் சோதித்துப் பார்க்கப்போகிறார்களாம். விருப்பம் இருந்தால் சேர்க்கலாம் என்று அவனைப் பார்க்கும் டாக்டர் சொன்னார். எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குத் தரும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை அவனுக்குக் கிடைத்தால் அத்தனை மாதமும் வீண்தானே? என் கணவர், "ஆய்வெல்லாம் எதற்கு? சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினே இதற்கு நல்லது என்று போட்டிருக்கிறார்கள், அதையே வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம்" என்கிறார். மாமியாரோ, "பிள்ளை சந்தோஷமாகத்தானே இருக்கிறான், அவனைச் சோதனை எலி ஆக்கப்போகிறீர்களா?" என்று அழுகிறார். எங்களுக்கு 11 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். நான் யார் பேச்சைக் கேட்பது? மாத்திரை பலித்தால் இவன் மற்றப் பிள்ளைகளைப் போலப் படிப்பானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: குழந்தைகள் நரம்பியல் மருத்துவர்

அன்புள்ள சகோதரி,

சேர்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். மற்றப் பிள்ளைகளைப் போலப் படிப்பானா என்றால், மாட்டான். அப்படி மாற்றும் மாத்திரை எதுவும் இன்று ஆய்வில்கூட இல்லை. அந்த நம்பிக்கையோடு கையெழுத்துப் போட்டால் ஆய்வு முடியும் நாளில் நீங்கள் உடைந்துபோவீர்கள். இப்போது சோதிக்கப்படும் மருந்துகள் எதிர்பார்ப்பது சின்ன மாற்றங்களை: இன்னும் சில சொற்கள், இன்னும் கொஞ்ச நேரம் ஒரே வேலையில் உட்கார்வது, சொன்னதை அடுத்த நாளும் நினைவில் வைத்திருப்பது. உங்கள் வீட்டில் இது சின்ன விஷயமில்லை என்பது எனக்குத் தெரியும்.

இத்தகைய ஆய்வுகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெற்றோர் எல்லாரும் "இந்த மருந்து வேலை செய்யுமா?" என்றுதான் கேட்கிறார்கள். அது தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. "வேலை செய்தால் அது என் பிள்ளையிடம் எப்படித் தெரியும்? எதை வைத்து அளக்கப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். இந்தத் துறையில் பல வருடங்களாக அடுத்தடுத்து விழுந்த அடிகளுக்கு இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்காமல் விட்டதும் ஒரு பெரிய காரணம்.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்றொரு மரபணு இருக்கிறது. அதில் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு அது 45 முறைக்குள் நின்றுவிடும். 200-ஐத் தாண்டினால் மரபணு மூடிக்கொள்ளும், அது உண்டாக்க வேண்டிய புரதம் கிடைக்காது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புகளில் மற்றப் புரதங்கள் அளவு மீறி உற்பத்தியாகாமல் பிரேக் போடுவதுதான் அந்தப் புரதத்தின் வேலை. பிரேக்தான் போய்விட்டது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலையாவது எடுப்போமே என்பதுபோல் ஒரு கருத்தை 2004-இல் மார்க் பேர், கிம்பர்லி ஹூபர், ஸ்டீஃபன் வாரன் ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் முன்வைத்தார்கள். அவர்கள் ஆக்சிலரேட்டராகச் சுட்டிக்காட்டியது எம்குளூஆர்5 என்ற ஏற்பியை, அதாவது நரம்பணு செய்தியை வாங்கிக்கொள்ளும் ஒரு புரதத்தை. 2007-இல், ஃப்ரஜைல் எக்ஸ் உள்ள எலிகளில் அந்த ஏற்பியைப் பாதியாகக் குறைத்தபோது நோயின் அறிகுறிகள் பலவும் சீரடைந்தன. துறையே துள்ளிக் குதித்த காலம் அது. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு மருந்து வரப்போகிறது என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

நோவார்ட்டிஸ் நிறுவனம், அந்த ஏற்பியைத் தடுக்கும் மாவோகுளூரன்ட் என்ற மருந்தை 175 பெரியவர்களிடமும் 139 வளரிளம் பருவத்தினரிடமும் 12 வாரம் சோதித்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எதிர்பார்த்த வித்தியாசம் இல்லை. 2014-இல் அந்த நிறுவனம் ஃப்ரஜைல் எக்ஸ் திட்டத்தைக் கைவிட்டது. ரோஷ் நிறுவனத்தின் பாசிம்குளூரன்ட்டும் அதே ஏற்பியைக் குறிவைத்த மருந்துதான், அதற்கும் அதே கதி. எலியிடம் பலித்தது மனிதரிடம் ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் வாதம் நடக்கிறது. மூளை உருவாகி முடிந்த வயதில் ஆரம்பித்தது ஒரு காரணம் என்றார்கள். அதனால் மாவோகுளூரன்ட்டை ஏறத்தாழ மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு மொழிப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் மருந்தால் கூடுதல் பலன் தெரியவில்லை. அளவு போதவில்லை, உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்றும் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பெரியவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடந்த அந்த மாவோகுளூரன்ட் ஆய்வுகளில் முதன்மை அளவுகோலாக வைத்தது பெற்றோர் நிரப்பும் நடத்தைப் படிவத்தை. பிள்ளை எதைக் கற்றுக்கொண்டான் என்பதை நேரடியாக அளக்கும் சோதனைக்கு அங்கே முதலிடம் இல்லை. பன்னிரண்டு வாரத்தில் ஒரு பிள்ளை புதிதாக எதைத்தான் கற்றுவிட முடியும்?

மற்ற மரபணுக் கோளாறுகளிலும் இதே வரிசைதான். நரம்புகளில் கட்டிகள் உண்டாகும் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகையில் கொலஸ்ட்ரால் மருந்தான லோவாஸ்டாட்டின் எலிகளின் கற்றல் குறையைச் சரிசெய்தது என்று 2005-இல் செய்தி வந்தது. பிறகு அதே வகை மருந்தான சிம்வாஸ்டாட்டினை 84 குழந்தைகளிடம் ஒரு வருடமும், லோவாஸ்டாட்டினை 146 குழந்தைகளிடம் 16 வாரமும் சோதித்தார்கள். இரண்டிலும் பலன் இல்லை. உடலில் பல இடங்களில் கட்டிகள் வளரும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸில் எவரோலிமஸ் என்ற மருந்து வலிப்பைக் குறைக்கிறது, கட்டிகளைச் சுருக்குகிறது, அதற்கு அனுமதியும் உண்டு. ஆனால் ஒரு வருடம் கொடுத்தும் குழந்தைகளின் ஐ.க்யூ. உயரவில்லை. டவுன் சிண்ட்ரோமில் பாஸ்மிசானில் என்ற மருந்தும் கரை சேரவில்லை.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நல்ல செய்தியும் இருக்கிறது. ஃப்ரஜைல் எக்ஸில் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்திக்கடத்தி மூலக்கூறு குறைவாக இருக்கிறது. அதைச் சிதைக்கும் நொதியைத் தடுத்தால் அளவு கூடும் என்ற கணக்கில் உருவானது ஜட்டோல்மிலாஸ்ட் என்ற மாத்திரை. 2021-இல் வெளியான ஆய்வில் 18 முதல் 41 வயதுக்குட்பட்ட 30 ஆண்கள் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் 12 வாரம் மருந்தும் 12 வாரம் வெற்று மாத்திரையும் சாப்பிட்டார்கள். யாருக்கு எது முதலில் என்பது குலுக்கலில் முடிவானது. படிப்பதிலும், சொல்லுக்குரிய படத்தைக் கண்டுபிடிப்பதிலும் மருந்துக் காலத்தில் முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோரின் மதிப்பெண் மட்டும் ஏறியிருந்தால் நான் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பேன். பிள்ளை தானே செய்த சோதனையிலும் ஏறியதால்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் முப்பதே பேர், அதுவும் ஒரே மருத்துவ மையத்தில். அந்த ஆய்வின் முதல் நோக்கமும் மருந்து பாதுகாப்பானதா என்று பார்ப்பதுதான். அதனால்தான் அடுத்து பெரிய ஆய்வுகள் நடத்த வேண்டியிருந்தது. டாக்டர் சொன்ன மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது எதுவாக இருந்தாலும், "இதற்கு முன் மனிதர்களில் என்ன தெரிந்தது, எத்தனை பேரிடம்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எலிக்கணக்கு மட்டும் சொன்னால் எதிர்பார்ப்பை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அளக்கும் விஷயம். இது உங்களோடு யாரும் உட்கார்ந்து பேசாத பகுதியாக இருக்கும், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

உங்கள் மகனுக்கு முன்னால் ஒரு டேப்லெட்டை வைப்பார்கள். ஒரு சொல் ஒலிக்கும். திரையில் நான்கு படம் இருக்கும், அந்தச் சொல்லுக்கு உரிய படத்தை அவன் தொட வேண்டும். பார்க்க எளிதுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் புதியவர். ஃப்ரஜைல் எக்ஸ் பிள்ளைகளுக்கு முகத்துக்கு நேராகப் பார்ப்பது எவ்வளவு பாரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே மின்விசிறி கிறீச்சிட்டால் அவன் கவனம் முழுக்க அங்கே போய்விடும். முதல் மூன்று கேள்விக்குச் சரியாகத் தொடுவான், நான்காவதில் கையைக் கடித்துக்கொண்டு எழுந்துவிடுவான். அன்றைய மதிப்பெண் அவனுடைய சொல்வளத்தைக் காட்டுகிறதா, பதற்றத்தைக் காட்டுகிறதா? நல்ல குழுக்கள் இதற்கென்றே ஆய்வு தொடங்கும் முன் ஒரு நாள் வரச் சொல்லி, அறையையும் ஆளையும் பழக்கிவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் அதே ஆள், அதே அறை, முடிந்தவரை அதே நேரம். உங்களுக்குச் சொன்ன ஆய்வில் அப்படி உண்டா என்று கேளுங்கள்.

இன்னொரு சிக்கல், சாதாரண ஐ.க்யூ. சோதனைகள் இவர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் மதிப்பெண் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காது. 40 என்பது கடைசிப் படி என்றால், ஐந்து கேள்விக்குப் பதில் சொன்னவனுக்கும் பதினைந்துக்குச் சொன்னவனுக்கும் அதே 40-தான் விழும். மருந்தால் ஐந்திலிருந்து பதினைந்துக்கு ஏறியிருந்தாலும் தாளில் ஒன்றும் தெரியாது. ஆய்வாளர் டேவிட் ஹெஸ்லும் அவருடைய சகாக்களும் 2009-இல் ஃப்ரஜைல் எக்ஸ் பிள்ளைகளின் மதிப்பெண்களை வேறு விதமாகக் கணக்கிட்டுக் காட்டிய பிறகுதான், ஒரே எண்ணுக்குள் எவ்வளவு வேறுபாடு மறைந்து கிடந்தது என்பது பலருக்கு உறைத்தது. பிறகு டேப்லெட்டில் செய்யும் சோதனைத் தொகுப்பு ஒன்றை அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்றதா என்று தனியாகப் பரிசோதித்து, ஆய்வுகளில் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இதில் பெற்றோரை மிகவும் நோகடிக்கும் ஒன்று உண்டு. போன வருடம் உங்கள் மகனுக்கு முப்பது படம் தெரிந்தது, இந்த வருடம் நாற்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ரிப்போர்ட்டில் மதிப்பெண் 55-லிருந்து 52-க்கு இறங்கியிருக்கும். மதிப்பெண்ணை அவன் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் போடுகிறார்கள். அவர்கள் அதற்குள் இன்னும் வேகமாக முன்னால் போய்விட்டார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "பிள்ளை பின்னால் போகிறானே டாக்டர்" என்று அழும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை முன்னால்தான் போயிருக்கிறான். ஆகவே ஆய்வுக் குழுவிடம், வயதோடு ஒப்பிடும் மதிப்பெண்ணை எடுக்கிறார்களா, அவனையே அவனோடு ஒப்பிடும் மதிப்பெண்ணை எடுக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவதுதான் சரி. இந்தக் கேள்வியைக் கேட்டால் அவர்களும் உங்களைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார்கள்!

வெற்று மாத்திரைக்கு வருவோம். வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பாசிம்குளூரன்ட் ஆய்வில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் நல்ல முன்னேற்றம் பதிவானது. பெற்றோர் பொய் சொல்லவில்லை. பிள்ளைக்குப் புது மருந்து கிடைக்கிறது என்ற நம்பிக்கை வந்ததும் நாம் அவனை உற்றுப் பார்க்கிறோம், அதிகம் பேசுகிறோம், முன்பு கண்ணில் படாத நல்லதெல்லாம் படுகிறது. மாதந்தோறும் டாக்டரைப் பார்ப்பதே வீட்டில் ஒரு ஒழுங்கைக் கொண்டுவருகிறது. அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் பிள்ளைக்கும் கை பழகிவிடுகிறது. வெற்று மாத்திரைக் குழு என்று ஒன்று இல்லாவிட்டால் இந்த ஏற்றம் முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். பலனில்லாத ஒன்றை, பக்கவிளைவுகளோடு சேர்த்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வருடக்கணக்காக விழுங்கிக்கொண்டிருப்பார்கள். வெற்று மாத்திரை சாப்பிடும் பிள்ளை அதைத் தடுக்கிறான். அவனுக்கும் ஒரு ஆதாயம் உண்டு, தெரியாத பக்கவிளைவு அவனைத் தொடாது.

பல ஆய்வுகளில், யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாமல் நடக்கும் குருட்டுக் கட்டம் முடிந்ததும் கலந்துகொண்ட எல்லாருக்கும் உண்மையான மருந்தைச் சில மாதம் கொடுப்பார்கள். இங்கே அது உண்டா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. மாத்திரையை உடைத்து நாக்கில் வைத்து, கசக்கிறதா என்று பார்க்கும் அப்பாக்கள் உண்டு. உங்கள் கணவர் அந்த ரகம் என்று கடிதத்திலேயே தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். எது என்று தெரிந்துவிட்டால் நீங்கள் நிரப்பும் படிவம் எதற்கும் உதவாது, மற்ற எல்லாப் பிள்ளைகளின் உழைப்பும் அதனால் பாதிக்கப்படும்.

மெட்ஃபார்மின் விஷயத்தில் அவருக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். அவர் படித்தது கட்டுக்கதை இல்லை. 2017-இல் ஃப்ரஜைல் எக்ஸ் எலிகளில் மெட்ஃபார்மின் பல குறைகளைச் சரிசெய்தது என்று ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. அதன்பின் ஒரு சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருத்துவர்களும் நல்லதாக எழுதினார்கள். ஆனால் அந்த நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் மருந்து சாப்பிடுவது தெரியும், ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைக் குழு இல்லை. எலியில் பலித்தது, சிலரிடம் நல்லதாகத் தெரிந்தது என்ற நிலையில்தான் மேலே சொன்ன மற்ற மருந்துகளும் ஒரு காலத்தில் நின்றன. பழைய மருந்து, ஆபத்து குறைவு என்பது உண்மைதான். என்றாலும் வயிற்றைக் கலக்கும், பசியைக் குறைக்கும், நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 குறையலாம். உங்கள் மகனுக்கு வயிறு வலித்தால் சொல்லத் தெரியுமா, அல்லது அது கோபமாகத்தான் வெளியே வருமா? கடையில் வாங்கி வீட்டிலேயே கொடுத்துப் பார்ப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அவனைப் பார்க்கும் டாக்டர் காரணத்தோடு எழுதித் தந்து கண்காணித்தால் அது வேறு. இன்னொன்றும் கவனியுங்கள்: ஆய்வுக்கு முன் சில வாரங்களாவது பிள்ளையின் மருந்துகள் மாறாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இப்போது மெட்ஃபார்மின் ஆரம்பித்தால் ஆய்வின் கதவு சாத்திக்கொள்ளலாம். "ஞாபகசக்தி" என்று பெயர் போட்டு விற்கும் டப்பாக்களுக்கும் இதே பதில்தான்.

உங்கள் மாமியாரின் அழுகையை ஒதுக்கிவிடாதீர்கள். இருக்கிறபடியே சந்தோஷமாக இருக்கும் பிள்ளையை ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்வி, டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் பெற்றோரிடையேயும் பலமாக எழுந்த ஒன்று. எனக்கு அதில் பாதி உடன்பாடு. மருந்தின் நோக்கம் அவனை இன்னொருவனாக்குவது என்றால் நானும் பாட்டியோடு சேர்ந்து அழுவேன். ஆனால் அவன் தினமும் எதில் தடுமாறி, எதில் கோபப்படுகிறான் என்று நினைத்துப் பாருங்கள். சொல்ல வந்தது வாயில் வராதபோது, மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாமல் நிற்கும்போது, தங்கை தனியாகப் போய்வரும் இடத்துக்கு அவனால் போக முடியாதபோது அவன் முகம் எப்படி இருக்கிறது? அந்தத் தடைகளில் ஒன்று குறைந்தால் பாட்டு பிடிக்கும் பிள்ளை பாட்டு பிடிக்கும் பிள்ளையாகவேதான் இருப்பான். மருந்து அவனை மந்தமாக்கினாலோ, தூக்கத்தைக் கெடுத்தாலோ, சிரிப்பைக் குறைத்தாலோ எந்த நாளும் காரணம் சொல்லாமல் வெளியே வரலாம். அதற்காக வழக்கமான சிகிச்சை நிற்காது, நிற்கவும் கூடாது. இதைப் பாட்டியிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஆய்வு டாக்டரைச் சந்திக்கும் நாளில் அவரையும் அழைத்துப் போங்கள். மூத்தவர்கள் கேட்கும் கேள்விகள் சில சமயம் எங்களைவிடக் கூர்மையாக இருக்கும்.

வீட்டில் மூன்று பேரின் கருத்தை எழுதியிருக்கிறீர்கள். நான்காவது ஆளுடைய கருத்தைக் காணோம். அவனுக்கு 16 வயது. முழு விவரம் புரியாமல் இருக்கலாம், ஆனால் ஊசியும் மாத்திரையும் அவன் உடம்புக்குள்தான் போகப்போகின்றன. பெற்றோரின் சம்மதத்தோடு, சொல்லக்கூடிய நிலையில் உள்ள பிள்ளையின் ஒப்புதலையும் கேட்க வேண்டும், அவன் மறுத்தால் மதிக்க வேண்டும் என்று, மருத்துவ ஆய்வுகளுக்கான உலகளாவிய நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனமே சொல்கிறது. நடைமுறையில் இப்படிச் செய்யலாம். மருத்துவமனை, அறை, ரத்தம் எடுப்பவர், டேப்லெட், மாத்திரை, திரும்பி வீட்டுக்கு வருவது என்று படங்களாக வரிசைப்படுத்தி, சில நாள் தொடர்ந்து காட்டுங்கள். இ.சி.ஜி. எடுக்க மார்பில் ஒட்டும் பட்டைகளைப் போல வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டி விளையாடுங்கள். அவன் ஒவ்வொரு முறையும் கையை இழுத்துக்கொண்டால், அறைக்கு வெளியிலேயே நின்றுவிட்டால், அதுதான் அவன் பதில். ரத்தம் எடுக்க நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க வேண்டிய நிலை வந்தால், எவ்வளவு நல்ல மருந்தானாலும் சேர்க்காதீர்கள்.

மற்றக் கேள்விகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வு அதிகாரபூர்வமான மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா, எண் என்ன? நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா? பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது? ஆய்வில் சேர உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பக்கவிளைவைப் பற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு வரும் மரபணுக் கோளாறான ரெட் சிண்ட்ரோமுக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரோஃபினடைடைப் பாருங்கள். 187 பெண் பிள்ளைகளிடம் சோதித்து, பலன் உண்டு என்று நிரூபித்த மருந்து. அதிலும் பத்தில் எட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பலன் உள்ள மருந்துக்கே இந்த விலை உண்டு என்று முன்பே தெரிந்திருந்தால் வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஆய்வு தொடங்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். காது கேட்பதைச் சோதித்துவிடுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் காதுத் தொற்று அடிக்கடி வரும், கேட்கும் திறன் குறைந்திருந்தால் எந்த மாத்திரையும் சொல்வளத்தைக் கூட்டாது. கண், தூக்கம், வலிப்பு, பதற்றம் இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். மூளையின் கற்கும் திறனை மருந்து கொஞ்சம் கூட்டினாலும், கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே. ஆய்வு நடக்கும்போது புதிதாக எந்தப் பயிற்சியையும் சேர்க்கவும் வேண்டாம், இருப்பதைக் குறைக்கவும் வேண்டாம். வந்த மாற்றம் எதனால் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வீடு மாறுவது, பள்ளி மாறுவது போன்ற பெரிய மாற்றங்கள் வரப்போகிறது என்றால் அடுத்த ஆய்வுக்குக் காத்திருப்பதே மேல்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. மகனுக்கு ஃப்ரஜைல் எக்ஸ் என்றால் அந்த எக்ஸ் குரோமோசோம் உங்களிடமிருந்து போனது. இதில் உங்கள் தவறு துளியும் இல்லை. பெரும்பாலும், அந்த சி-ஜி-ஜி 55 முதல் 200 முறை வரை வரும் முன்நிலை மாற்றத்தைத் தெரியாமலே சுமந்திருப்பீர்கள். ஆனால் அதற்கென்று சில விளைவுகள் உண்டு. அப்படிச் சுமக்கும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பை சோர்ந்துவிடுகிறது. அதைச் சுமக்கும் ஆண்களுக்கு 50 வயதுக்கு மேல் கை நடுக்கமும் நடையில் தள்ளாட்டமும் வரலாம். உங்கள் அப்பாவுக்கு அப்படி ஏதாவது இருந்தால் முதுமை என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் இந்தக் குடும்ப விவரத்தைச் சொல்லுங்கள். மகளுக்கும் இது வந்திருக்க வாய்ப்பு உண்டு. பெண் பிள்ளைகளுக்கு இரண்டாவது எக்ஸ் இருப்பதால் பொதுவாக ஆண்களைவிட லேசாகத் தெரியும்: சிலருக்குக் கணக்கில் சிரமம், கூச்சம், பரீட்சைப் பயம் என்று மட்டும் இருந்துவிடும். அவளுக்குப் பள்ளியில் இப்படி ஏதாவது தொந்தரவு இருந்தால் மகனின் ஆய்வுக்காகக் காத்திருக்காமல் இந்த மாதமே ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். இல்லையென்றாலும், அவள் பெரியவளாகிக் கல்யாணப் பேச்சு வருவதற்கு முன், அவளுக்கே புரியும் வயதில், அவள் விருப்பத்தைக் கேட்டுச் சோதனை செய்துகொள்ளலாம்.